அரக்குத் தட்டில் எல்கர்





இந்த இதழில் இசைக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். என் பக்கத்தையும் ஓர் இசையமைப்பாளருக்கே கொடுத்துவிடுகிறேன். அவர் இங்கிலாந்துக்காரர், எட்வர்ட் எல்கர். பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அவருடைய ஒரு மெட்டைக் கேட்டிருப்பார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பட்டமளிப்பு நாளன்று மாணவர்கள் அங்கி அணிந்து வரிசையாக வரும்போது வாசிக்கிறார்களே, அது அவர் போட்டதுதான். ஆனால் அந்த மெட்டுக்காக நான் அவரைப் பற்றி எழுதவில்லை. தான் எழுதிய இசை எப்படி ஒலிக்க வேண்டும் என்பதைத் தானே நடத்திக் காட்டி, இருபது ஆண்டுகள் விடாமல் தட்டுகளில் பதித்துவைத்தவர் அவர். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதிய பெரிய இசையமைப்பாளர்களில் இதை இவ்வளவு விரிவாகச் செய்த முதல் ஆள் அவர்தான்.

அதன் அருமை நமக்கு நன்றாகவே புரியும். முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் மறைந்தார், தியாகராஜர் 1847-இல். எடிசன் ஒலியைப் பிடித்துவைக்கும் இயந்திரத்தைச் செய்தது 1877-இல். தியாகராஜருக்கும் அந்த இயந்திரத்துக்கும் இடையே முப்பதே ஆண்டுகள். ஒரு கிருதியை அவர் எந்தக் காலப்பிரமாணத்தில் பாடினார், எந்தச் சங்கதியில் நின்றார் என்பதெல்லாம் சிஷ்ய பரம்பரை வழியாக வந்ததுதான். பாடாந்தரத்துக்குப் பாடாந்தரம் வேறுபாடு. ஒவ்வொருவருக்கும் அவரவர் குரு சொன்னதே பிரமாணம். ஐரோப்பியர்கள் எல்லாவற்றையும் தாளில் எழுதிவைப்பவர்கள், அவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர்களுக்கும் உண்டு. தாளில் சுரம் இருக்கும், வேகக் குறிப்பு இருக்கும். எழுதியவர் மனத்தில் இருந்த நடை அதில் பாதிதான் ஏறும்.

எல்கருக்கு முன்பும் இசையமைப்பாளர்கள் சிலர் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். வியன்னாவில் 1889-இல் பிராம்ஸ் பியானோ வாசித்ததை எடிசனின் ஆட்கள் மெழுகு உருளையில் பிடித்தார்கள்; இன்று கேட்டால் இரைச்சலுக்கு நடுவே எங்கோ ஒரு பியானோ இருப்பது தெரியும், அவ்வளவே. கிரீக் 1903-இல் பாரிசில் வாசித்துப் பதிந்தார். டெபுஸ்ஸி 1904-இல் ஒரு பாடகிக்குப் பக்கவாத்தியமாகப் பியானோ வாசித்தார். எல்லாம் துணுக்குகள். சிம்பொனி எழுதியவரே கையில் கோலெடுத்து, ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தி, அது குறையாக அமைந்துவிட்டதே என்று சில ஆண்டுகள் கழித்து மறுபடி நடத்திப் பதிந்ததை எல்கரிடம்தான் முதலில் பார்க்கிறோம்.

எல்கர் பிறந்தது 1857 ஜூன் 2. உஸ்டர் நகரத்துக்கு அருகே லோயர் பிராட்ஹீத் என்ற சிற்றூர். அப்பா பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர், உஸ்டர் கடைத்தெருவில் இசைக் கடையும் வைத்திருந்தார், கத்தோலிக்கத் தேவாலயத்தில் ஆர்கனும் வாசித்தார். மகனை ஜெர்மனியில் லைப்சிக் இசைக் கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் வசதி இல்லை. பதினைந்து வயதில் படிப்பு முடிந்தது. கொஞ்ச நாள் ஒரு வக்கீல் அலுவலகத்தில் எடுபிடி வேலை. கடையில் விற்பனைக்கு வந்த இசைப் புத்தகங்களைப் படித்துப் படித்தே அவர் இசையமைக்கக் கற்றுக்கொண்டார். வயலின் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். பக்கத்து ஊர் பொவிக்கில் இருந்த மனநல விடுதியில் ஊழியர்கள் சேர்ந்து ஒரு வாத்தியக் குழு வைத்திருந்தார்கள். 1879 முதல் ஐந்து ஆண்டுகள் அதை நடத்தினார். நோயாளிகள் ஆடுவதற்காக நடன இசை எழுதிக்கொடுத்தார். இருக்கிற வாத்தியங்களை வைத்துக்கொண்டு எப்படி எழுதுவது என்பதை அங்கேதான் அவர் கை பழகியது. பின்னாளில் அவர் பதிவறையில் செய்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி எந்தக் கல்லூரியிலும் கிடைத்திருக்காது.

அவரிடம் பாடம் கேட்க வந்தவர் கரோலின் ஆலிஸ் ராபர்ட்ஸ். ஆலிஸ் பிறந்தது குஜராத்தின் பூஜ் நகரத்தில்; தந்தை இந்தியப் படையில் தளபதி. ஆசிரியரைவிட எட்டு வயது மூத்தவர், சீமான் வீடு என்று சொல்லத்தக்க குடும்பம். கடைக்காரர் மகன், அதிலும் கத்தோலிக்கன் என்று அவர் வீட்டார் முகம் சுளித்தார்கள். 1889 மே மாதம் லண்டனில் திருமணம் நடந்தது. இசைத்தாளில் கோடு போட்டுக் கொடுப்பதிலிருந்து, மனம் சோர்ந்து கிடப்பவரை எழுப்பி மேசைக்கு அனுப்புவது வரை எல்லாம் ஆலிஸ் செய்தார். நிச்சயதார்த்தப் பரிசாக எல்கர் எழுதிய ‘சலூ தமூர்’ என்ற சிறு பாட்டைச் சொற்பத் தொகைக்குப் பதிப்பாளருக்கு மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அது ஐரோப்பா எங்கும் பரவிப் பதிப்பாளரை வாழவைத்தது.

வெற்றி வர அவருக்கு நாற்பத்திரண்டு வயதாயிற்று. 1899 ஜூனில் ‘எனிக்மா வேரியேஷன்ஸ்’ லண்டனில் அரங்கேறியது. நண்பர்களையும் மனைவியையும் தன்னையும் ஒவ்வொரு சிறு பகுதியில் வரைந்து காட்டும் படைப்பு அது. பிறகு எல்லாம் வேகம்தான். 1904-இல் ‘சர்’ பட்டம். 1908-இல் முதல் சிம்பொனி, ஓர் ஆண்டு சுமாருக்குள் உலகத்தின் பல நகரங்களில் நூறு முறை வாசிக்கப்பட்டது. 1910-இல் வயலின் கான்செர்ட்டோ, அதாவது தனி வயலினும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பேரரசின் வாத்தியக்காரர் என்ற முத்திரையும் எல்கர்மேல் உண்டு. 1911 டெல்லி தர்பாரைக் கொண்டாட, அடுத்த ஆண்டு லண்டன் நாடக அரங்கில் ‘இந்தியாவின் மகுடம்’ என்ற காட்சிக்கு இசை எழுதியவர் அவர். நம் நாட்டுத் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறியதைப் பற்றிய காட்சி அது. அதை இன்று நாம் ரசித்துக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. அதை மட்டும் வைத்து அவரைத் தள்ளிவிடுபவர்கள், அவர் பின்னாளில் எழுதிய செல்லோ கான்செர்ட்டோவைக் கேட்காமல் தள்ளுகிறார்கள் என்பதே என் வருத்தம்.

1914 ஜனவரி 21-ஆம் தேதிதான் கிராமபோன் கம்பெனிக்காக அவர் முதன்முதலாகப் பதிவறைக்குப் போனார். அழைத்துவந்தவர் லாண்டன் ரொனால்ட். இசை நடத்துநர், அந்தக் கம்பெனிக்கு இசை ஆலோசகர். அப்போது எல்கர் நாட்டிலேயே முதன்மையான இசையமைப்பாளர். மற்ற பெரிய மனிதர்கள் கிராமபோனை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிய காலம் அது. எல்கருக்கு இயந்திரம் என்றால் ஆசை. வீட்டுப் பின்புறத்தில் ஒரு சிறு ரசாயனக் கூடமே வைத்திருந்தவர். ஹைட்ரஜன் சல்பைடு வாயு தயாரிக்க அவர் அமைத்த கருவி ஒன்று அவர் பெயரிலேயே தயாராகி விற்றது. அவர் தயங்கவே இல்லை. அன்று பதிந்த ‘காரிஸிமா’ என்ற சிறு பாட்டு அதுவரை எந்த மேடையிலும் வாசிக்கப்படாதது. கச்சேரிக்கு முன்பே அதை இயந்திரம் கேட்டுவிட்டது.

அந்தப் பதிவு எப்படி நடந்தது என்று கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மைக் கிடையாது, மின்சாரம் கிடையாது. சுவரிலிருந்து ஒரு பெரிய தகரக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும். வாத்தியக்காரர்கள் அதன் வாயை நோக்கி நெருக்கியடித்து உட்கார வேண்டும். குழலின் மறு முனையில் ஒரு மெல்லிய தகடு அதிர, அதில் பொருத்திய ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கிழித்துக்கொண்டே போகும். நூறு பேர் வாசிக்க எழுதிய இசையை முப்பது பேர் சுமாருக்குக் குறுக்க வேண்டும். வயலினின் மெல்லிய ஒலி குழலுக்கு எட்டாது. அதனால் மரப்பெட்டிக்குப் பதில் உலோகக் குழல் பொருத்திய ஸ்ட்ரோ வயலின் வைத்துக்கொள்வார்கள். டபுள் பாஸ் எடுபடாது. அதன் இடத்தில் டூபா ஊதுவார்கள். ஒரு பக்கத்துக்கு நாலு நிமிடம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். கடைசி அடியில் ஒருவர் தவறினாலும் மெழுகைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாசித்ததை உடனே கேட்டுப் பார்க்கவும் முடியாது. மெழுகை ஒரு முறை ஓட்டிக் கேட்டால் கோடு தேய்ந்து தட்டு வீணாகிவிடும். வார்ப்பு எடுத்து மாதிரித் தட்டு வரும்வரை காத்திருப்பதே வழி.

பெரிய படைப்புகளைக் குறுக்கும் கத்தரியை எல்கர் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. ஐம்பது நிமிடம் ஓடும் வயலின் கான்செர்ட்டோவை 1916 டிசம்பரில் நான்கு பக்கங்களுக்குள் அடக்கினார். வாசித்தவர் மேரி ஹால், சிறுமியாக இருந்தபோது எல்கரிடமே பாடம் கேட்டவர். அந்தக் கான்செர்ட்டோவில் ஓர் அற்புதமான இடம் உண்டு: தனி வயலின் பழைய நினைவுகளில் அலையும்போது, பின்னால் ஆர்க்கெஸ்ட்ராவின் தந்தி வாத்தியங்கள் எல்லாம் விரல் நுனியால் மெல்ல மீட்டி ஒரு நடுக்கம்போல ஒலிக்கும். தகரக் குழலுக்கு அது கேட்காது. எல்கர் அந்த இடத்துக்கு மட்டும் புதிதாக ஹார்ப் எழுதிச் சேர்த்தார். அச்சான இசைநூலில் இல்லாத, தட்டுக்காகவே அவர் கையால் எழுதிய ஹார்ப் அது. அந்தப் பழைய பதிவில் அது மேலெழும் இடத்தைக் கேட்டுப் பாருங்கள். இருப்பதை வைத்துச் சமாளிக்கப் பொவிக்கில் பழகிய அந்தக் கை அங்கே தெரியும்.

போர்க்காலத்துத் தட்டுகளைப் பொறுமையோடு கேட்க வேண்டும். ஜெர்மன் படை பெல்ஜியத்தில் நுழைந்தபோது எழுதிய ‘காரியோன்’, நடிகர் ஒருவர் கவிதை சொல்ல ஆர்க்கெஸ்ட்ரா பின்னால் முழங்குவது. 1917-இல் கிப்ளிங்கின் கடற்படைப் பாடல்களுக்கு இசையமைத்ததையும் பதிந்தார். அதில் பாடியவர்களில் ஒருவர் சார்லஸ் மாட். எல்கருக்கு மிகப் பிடித்த குரல். அடுத்த ஆண்டு மே மாதம் பிரான்ஸ் போர்முனையில் காயம்பட்டு மாட் இறந்துபோனார். அந்தக் குரலை இன்றும் அந்தத் தட்டுகளில் கேட்கலாம்.

செல்லோ கான்செர்ட்டோ 1919 அக்டோபர் 27-ஆம் தேதி லண்டன் குவீன்ஸ் ஹாலில் அரங்கேறி, தோற்றது. அதே கச்சேரியின் மற்ற பகுதியை நடத்தியவர் ஒத்திகை நேரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிட, எல்கருக்குப் போதிய ஒத்திகையே கிடைக்கவில்லை. அன்று செல்லோ வரிசையில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார், ஜான் பார்பிரோலி. 1965-இல் ஜாக்கலின் டூ ப்ரே வாசிக்க அவர் நடத்திப் பதிந்த பிறகுதான் உலகம் முழுவதும் அந்த இசையைக் கொண்டாடியது. ஆனால் தோற்ற அந்த இசையைக் கைவிடாமல் எல்கர் இரண்டே மாதத்தில் பதிவறைக்குக் கொண்டுபோனார். பியாட்ரிஸ் ஹாரிசன் என்ற இளம் செல்லோ கலைஞர் வாசித்தார். பதிவு பாதியில் நின்றது. 1920 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆலிஸ் இறந்துவிட்டார். நவம்பரில் எல்கர் திரும்பி வந்து மிச்சத்தை முடித்தார்.

ஆலிஸ் போன பிறகு அவர் பெரிதாக எதையும் எழுதி முடிக்கவில்லை. ஊற்று வற்றிவிட்டது என்று எழுதுவது சரித்திரக்காரர்கள் வழக்கம். என்னால் அதை முழுமையாக ஏற்க முடியவில்லை. எழுதுவது நின்றபின் அந்த மனிதர் தன் உழைப்பையெல்லாம் பதிவறையில் போட்டார். 1921-இல் லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் அதே கிராமபோன் கம்பெனியின் எச்.எம்.வி. என்ற பெரிய கடையைத் திறந்துவைத்தவரும் அவரே. தன் இரண்டாம் சிம்பொனி முழுவதையும் தகரக் குழல் முன் நிறுத்திப் பதிந்து முடித்தார். அது 1925-இல் முடிந்த கையோடு மின்சார மைக் வந்துவிட்டது. அத்தனை உழைப்பும் ஒரே நாளில் பழசாகிப்போனது. இன்னொருவராக இருந்தால் போதுமடா சாமி என்று விட்டிருப்பார். எல்கர் அறுபத்தெட்டு வயதில் முதலிலிருந்து தொடங்கினார்.

1926 ஏப்ரலில் குவீன்ஸ் ஹாலில் முதல் மின்பதிவு. இப்போது ஆர்க்கெஸ்ட்ரா முழுதாக உட்காரலாம், மெல்லிய ஒலியும் பதியும். ‘எனிக்மா’வை மறுபடி பதிந்தார். 1927 ஏப்ரல் முதல் தேதி இரண்டாம் சிம்பொனியை முழுவதுமாக மறுபடி. அதில் ஒரு பக்கம் சரியில்லை என்று ஜூலையில் திரும்ப எடுத்தபோது ஒத்திகையின் ஒரு துண்டும் பதிவாகியிருக்கிறது. வாத்தியக்காரர்களுக்கு அவர் திருத்தம் சொல்லும் குரலை அதில் கேட்கலாம். அந்த குவீன்ஸ் ஹாலை 1941-இல் ஜெர்மன் குண்டு அழித்தது. அந்த மண்டபம் எப்படி ஒலித்தது என்பதற்கும் இந்தத் தட்டுகள்தான் சாட்சி.

இனி, அவர் நடத்திய விதத்துக்கு வருகிறேன். எல்கர் என்றாலே மந்தமான, கனத்த, கண்ணியமான இசை என்று ஓர் எண்ணம் இருக்கிறது. அவருடைய சொந்தப் பதிவுகள் அதை அப்படியே புரட்டிப்போடுகின்றன. ‘எனிக்மா’வின் ஒன்பதாவது பகுதி ‘நிம்ராட்’. பதிப்பகத்தில் வேலை பார்த்த யேகர் என்ற ஜெர்மானிய நண்பருக்கு எழுதியது. மனம் தளர்ந்திருந்த எல்கரிடம் அவர் பீத்தோவனின் மெதுவான இசைகளைப் பற்றிப் பேசித் தேற்றிய ஒரு மாலைப்பொழுதின் நினைவு. இன்று அது இங்கிலாந்தின் இரங்கல் இசை. ஆண்டுதோறும் போரில் இறந்தவர்களை நினைக்கும் நாளில் லண்டன் நினைவுச் சின்னத்தின் முன் அதை வாசிக்கிறார்கள். துக்கத்துக்கு வாசித்து வாசித்து அதன் வேகம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அமெரிக்க நடத்துநர் பெர்ன்ஸ்டைன் 1982-இல் நடத்தியது ஐந்து நிமிடத்தைத் தாண்டுகிறது. 1926-இல் எல்கர் அதை மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார். கேட்டால் அவசரமாகவே தோன்றாது. இரண்டு நண்பர்கள் நடந்துகொண்டே பேசுவது தோன்றும்; பேச்சில் சூடேறும்போது நடையும் வேகம் கொள்கிறது. நட்புக்கு எழுதியதை நாம் இழவுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறோம் என்பதை அந்தத் தட்டு தெளிவாகச் சொல்கிறது.

காலப்பிரமாணத்தை அவர் ஓரிடத்தில் நிறுத்துவதே இல்லை. ஒரு வரிக்குள்ளேயே தள்ளுவார், இழுப்பார், மறுபடி விடுவார். வயலின்காரர்கள் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு நம் ஜாருவைப்போல வழுக்கிப் போகிறார்கள். பிற்காலத்து ஆர்க்கெஸ்ட்ராக்கள் இதைப் பழைய பாணி என்று துடைத்தெடுத்துவிட்டன. கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய நம் காதுக்கு எல்கரின் சொந்தப் பதிவுகள், இன்றைய பளபளப்பான பதிவுகளைவிட நெருக்கமாகப்படும் என்றே நான் நம்புகிறேன். தாளில் எழுதியதற்கும் அவர் நடத்தியதற்கும் பல இடங்களில் வித்தியாசம் இருக்கிறது. அதனால் எழுதியவர் நடத்தியதுதான் கடைசித் தீர்ப்பு என்று நான் வாதாடமாட்டேன். ஆனால் அதைக் கேட்காமல் அந்த இசையை நடத்த ஒருவர் கிளம்பினால், அவர் தன் வேலையில் பாதியைச் செய்யவில்லை.

1931 நவம்பர் 12-ஆம் தேதி லண்டன் ஆபி ரோடு பதிவகத்தைத் திறந்துவைத்தார்கள். பின்னாளில் பீட்டில்ஸ் குழுவால் உலகப் புகழ் பெற்ற அதே இடம்தான். திறப்பு நாளன்று கோலெடுத்தவர் எல்கர். சலனப்படம் பிடித்திருக்கிறார்கள், இணையத்தில் பார்க்கலாம். வெள்ளை மீசைக்காரர் மேடையேறி, தொடக்கத்தில் சொன்ன, எல்லோருக்கும் சலித்துப்போன அந்தப் பட்டமளிப்பு மெட்டை, இதுவரை கேட்டதே இல்லை என்பதுபோல வாசியுங்கள் என்று ஆர்க்கெஸ்ட்ராவிடம் கேட்டுக்கொள்கிறார். ஆயிரம் முறை வாசித்த உருப்படியை எப்படி அணுகுவது என்று கேட்கும் எந்த வித்துவானுக்கும் அந்தச் சிறு படத்தைக் காட்டலாம்.

அடுத்த ஆண்டு ஜூலையில் அதே கூடத்தில் வயலின் கான்செர்ட்டோ, இம்முறை வெட்டுக் குத்து இல்லாமல் முழுதாக. கம்பெனியின் இசைப் பொறுப்பாளர் பிரெட் கைஸ்பர்க், முதலில் அதை அரங்கேற்றிய வயலின் கலைஞர் கிரைஸ்லரைத்தான் கேட்டுப் பார்த்தார், அவர் பிடிகொடுக்கவில்லை. அதனால் பதினாறு வயது யெஹூதி மெனுஹினைப் பிடித்தார். எல்கருக்கு எழுபத்தைந்து. பதிவுக்கு முன் பையன் பியானோ துணையோடு வாசித்துக் காட்டினான். எல்கர் கொஞ்சம் கேட்டார். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் சரியாக வரும் என்று சொல்லிவிட்டுக் குதிரைப் பந்தயத்துக்குக் கிளம்பிவிட்டார். மெனுஹின் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்த கதை இது. பொறுப்பற்ற தாத்தா என்று சிரிக்கத் தோன்றும். எனக்கு அப்படிப்படவில்லை. கைதேர்ந்த குருவுக்கு நாலு வரி கேட்டாலே போதும், அதற்குமேல் பிள்ளையைக் கலைக்கக் கூடாது என்பதும் தெரியும். அந்தப் பதிவு இன்றும் விற்பனையில் இருக்கிறது. அந்தப் பையன்தான் இருபது ஆண்டுக்குப் பின் இந்தியா வந்து, பி.கே.எஸ். ஐயங்காரிடம் யோகம் கற்று, ரவிசங்கரோடு சேர்ந்து வாசித்தவர்.

1933 ஆகஸ்டில் எல்கர் கடைசியாகப் பதிவறையில் கோல் பிடித்தார். அக்டோபரில் புற்றுநோய் என்று தெரிந்தது. அவருடைய நால்வர் வாத்திய இசையைப் பதிந்து மாதிரித் தட்டுகளை உஸ்டருக்கு அனுப்பினார்கள், படுக்கையில் இருந்தபடியே கேட்டார். அதற்குப் பிறகு கைஸ்பர்க் ஓர் ஏற்பாடு செய்தார். 1934 ஜனவரி 22. ஆபி ரோடு பதிவகத்தையும் எல்கரின் படுக்கையறையையும் தொலைபேசிக் கம்பி வழியாக இணைத்தார்கள். லண்டனில் ஆர்க்கெஸ்ட்ரா, கோலெடுத்தவர் லாரன்ஸ் காலிங்வுட். நோயாளியின் கட்டிலருகே ஒலிபெருக்கியும் மைக்கும். ‘காரக்டகஸ்’ என்ற பழைய படைப்பிலிருந்து சில பகுதிகளை அங்கே வாசிக்க, இங்கே அவர் கேட்டுத் திருத்தம் சொன்னார். காட்டைப் பற்றிய ஒரு சிறு இடையிசையை மறுபடி வாசிக்கச் சொன்னார். முதன்முதலில் தகரக் குழல் முன் நின்ற நாளிலிருந்து கணக்கிட்டால் அன்றோடு சரியாக இருபது ஆண்டும் ஒரு நாளும். ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 23-ஆம் தேதி, அவர் காலமானார்.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. எல்கரின் கட்டிலருகே இருந்த அதே கைஸ்பர்க்தான் 1902 நவம்பரில் கல்கத்தாவுக்கு வந்து, தங்கும் விடுதி அறையில் தகரக் குழலை நிறுத்தி, பாடகி கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்தவர். இந்தியாவின் முதல் இசைத்தட்டுகள் அந்தப் பயணத்தில் பிறந்தவை. அதோடு, அந்தக் காலத்துத் தட்டுகளுக்கான மூலப்பொருள் அரக்கு. உலகத்துக்கு வேண்டிய அரக்கில் பெரும்பங்கு நம் நாட்டுக் காடுகளிலிருந்து, முக்கியமாக சோட்டா நாக்பூர்ப் பகுதியின் மரங்களில் ஏழைக் குடியானவர்களும் பழங்குடியினரும் சுரண்டிச் சேர்த்து அனுப்பியது. எல்கரின் சிம்பொனிக்கும் நம் வித்துவான்களின் பாட்டுக்கும் உடம்பாக இருந்தது அந்த ஒரே பொருள்தான். இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் தட்டுகளைத் தேடிச் சேர்த்து, தேதி வாரியாகப் பட்டியலிட்டு, ஒத்திகைத் துண்டைக்கூட விடாமல் காப்பாற்றி வெளியிட்டார்கள். நம் தட்டுகளில் எத்தனையோ பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. கீர்த்தனை செய்த பெரியவர் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் கிராமபோன் காலத்தில் பாடிப் பதிந்தவர். அப்படிப்பட்டவர்களின் தட்டுகள் யார் வீட்டில் கிடக்கின்றனவோ!

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ, தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ பழைய கிராமபோன் தட்டுகள் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், புத்தகம்போல நிறுத்திவையுங்கள். வெயில் படாத இடமாக இருக்கட்டும். அழுக்கைத் துடைக்க ஸ்பிரிட் மட்டும் தொடவே கூடாது, அரக்கு கரைந்து பாட்டே போய்விடும். பழைய இயந்திரத்தில் பழைய ஊசியைப் போட்டு ஓட்டிப் பார்க்கும் ஆசையையும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைத் தெளிவாகப் படம் பிடித்து, அதில் உள்ள எண்ணோடு எங்களுக்கு அனுப்புங்கள். கீறியிருந்தாலும், விரிசல் விட்டிருந்தாலும், யார் பாடியது என்றே தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைப்போல இவற்றைப் பேணத் தெரிந்த இடங்கள் நம்மிடம் இருக்கின்றன. உங்களையும் அவர்களையும் சேர்த்துவைக்கும் வேலையை நாங்கள் செய்கிறோம்.

இந்த மாதமே எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்